இரவல் நினைவகம்

நவம்பர் 3, திங்கள்

பேச்சுப் பயிற்சி தரும் நஸ்ரீன் சொன்னதால் இதைத் தொடங்குகிறேன். சம்பூரணத்துக்கு எந்தச் சொல் வருகிறது, எது வரவில்லை என்று தேதி போட்டு எழுதிவைத்தால் தனக்கு உதவியாக இருக்கும் என்றார். திட்டமில்லாமல் எதையும் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை. கல்லூரியில் புள்ளியியல் நடத்திய காலத்தில், கரும்பலகையின் இடது ஓரத்தில் அன்றைய பாடத்தின் தலைப்புகளை எண் போட்டு எழுதிய பிறகுதான் வாயைத் திறப்பேன். இங்கும் அப்படியே செய்கிறேன்.

1. சம்பூரணத்தின் பேச்சு. வரும் சொற்கள், வராத சொற்கள்.
2. இரத்தக் கொடையாளர் பட்டியல். நாங்களே நடத்துவதா, பொங்கலுக்குள் கைமாற்றிவிடுவதா.
3. கணினி. ஏன் இப்படித் தவழ்கிறது, என்ன செய்யலாம்.
4. ஒரு கொள்கை. இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்கலாம். இல்லாதவரிடமிருந்து எதையும் எதிர்பார்க்கக் கூடாது. எனவே இனி வீட்டில் எல்லாவற்றையும் நான்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.
5. என்னைப் பற்றி எழுதப்போவதில்லை. தேவையில்லை.

நஸ்ரீன் படிக்கக்கூடும் என்பதால் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பூரணம் அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியில் ஆய்வுக்கூட அலுவலராக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் உடுமலையில் யாருக்கு இரத்தம் தேவைப்பட்டாலும் எங்கள் வீட்டுத் தொலைபேசிதான் அடிக்கும். எந்த வகை, எத்தனை யூனிட் என்று கேட்டுக்கொண்டு, யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு கணம் கூரையைப் பார்ப்பாள். பிறகு கூப்பிடுவாள். ஆள் வந்துவிடும். பெயர்களையும் எண்களையும் கணினியில் ஏற்றுவது மட்டும் என் வேலை.

ஆகஸ்டில் மூளையின் இடப்பக்கம் இரத்தம் உறைந்தது. நடக்கிறாள். வலக்கை ஏறக்குறைய திரும்பிவிட்டது. பேசுவதெல்லாம் புரிகிறது. ஆட்களைத் தெரிகிறது. பெயர்கள்தான் வரவில்லை. உள்ளே இருப்பது எதுவும் அழியவில்லை, எடுக்கப் போகும் வழிதான் கெட்டிருக்கிறது என்றார் மருத்துவர்.

இன்று வந்தவை: தண்ணி, போதும், அதுதானுங்க. கரண்டியைக் காட்டிக் கேட்டேன். "ஜன்னல்" என்றாள். தவறு என்று அவளுக்கே தெரிந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 6, வியாழன்

பெங்களூரிலிருந்து மகள் சுகந்தி கணினியின் வீடியோ அழைப்பில் வந்தாள். படம் நின்று நின்று வந்தது. திருப்பூரில் ஒரு சங்கம் இரத்தக் கொடைக்கென்று செயலி நடத்துகிறதாம். நம் பட்டியலைக் கொடுத்தால் அதில் சேர்த்துக்கொள்வார்களாம். கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் அவளோடு போய்விட வேண்டும்.

"பொங்கலுக்கு வர்றனுங்கப்பா. அதுக்குள்ள ஒரு முடிவு பண்ணீருங்க. அம்மாவால பேச முடியல. உங்களுக்கோ போனைக் கண்டாலே ஆகாது. அப்பறம் யாருக்காக அதைக் கட்டிக்கிட்டு அழுகறீங்க?"

நியாயமான கேள்வி. மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால் இப்போது நான் எடுத்து, மன்னிக்க வேண்டும், இப்போது செய்வதில்லை என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அதைச் சொல்வதற்குள் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. இது 5-இன் கீழ் வருவதால் நிறுத்திக்கொள்கிறேன்.

சம்பூரணம் எனக்குப் பின்னால் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். பிறகு டீ கொடுத்தாள். சர்க்கரை இல்லை. மறந்துவிட்டாளா, கோபமா என்று தெரியவில்லை.

நவம்பர் 10, திங்கள்

கணினியைப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள அருள்செல்வியின் கடைக்குக் கொண்டுபோனேன். பட்டியலைத் திறக்கவே கால் மணி நேரம் ஆகிறது என்றேன். உள்ளே காதை வைத்துக் கேட்டுவிட்டு, பழைய வட்டு தேய்ந்துவிட்டது, எஸ்எஸ்டி என்ற புதுவகைச் சேமிப்பகம் போட்டுவிடலாம் என்றார். அதில் இரண்டு வகை. ஒன்றுக்குச் சொந்தமாக நினைவகம் உண்டு. விலை குறைந்ததற்குக் கிடையாது. குறைந்ததையே கேட்டேன். பிறகு, சொந்த நினைவு இல்லாமல் அது எப்படி வேலை செய்யும் என்ற சந்தேகம் வந்துவிட்டது.

"எது எங்க இருக்குதுன்னு பாக்கறக்கு ஒரு மேப்பு வேணுமில்லீங்க சார்? அத வெக்கறதுக்கு உங்க கம்ப்யூட்டர்கிட்டயே கொஞ்சூண்டு எடம் எரவல் வாங்கிக்கும்."

"குடுக்குமா?"

"கேட்டா குடுக்கும். மனுசனா என்னங்க?"

நவம்பர் 11, செவ்வாய்

கணினி வந்துவிட்டது. பட்டியல் உடனே திறந்தது. நம்ப முடியாமல் மூடி மறுபடி திறந்தேன்.

காலை முழுக்க இது பற்றிப் படித்தேன். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். தவறு இருக்கலாம். சேமிப்பகத்துக்குள் எல்லாம் இருக்கிறது. எது எந்த மூலையில் என்ற வரைபடமும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் முதலில் வரைபடத்தைத் தேடி எடுத்து, பிறகு பொருளைத் தேடினால் நேரம் இரட்டிப்பாகும். ஆகவே கணினி தன் நினைவகத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கித் தருகிறது. என் கணினியில் அது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. வரைபடத்தில் அடிக்கடி தேவைப்படும் பகுதியைச் சேமிப்பகம் அங்கே விரித்து வைத்துக்கொள்கிறது. மின்சாரம் போனால் இரவல் இடத்தில் இருந்தது போய்விடும். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். ஒதுக்கிக் கொடுத்த பங்கில் அதன்பின் கணினி கைவைப்பதில்லை.

அவ்வளவு குறைவாகக் கொடுத்தாலே போதும் என்பதுதான் என்னை நிறுத்தியது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கி வழிந்துவிட்டது. அடுப்பில் ஏதோ கோளாறு.

இன்னொன்றும் படித்தேன். நினைவகம் நிரம்பிவிட்டால், கணினி மிச்சத்தைச் சேமிப்பகத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுமாம். பேஜ் ஃபைல் என்று பெயர். இதனால் புதிய வட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும், நிறுத்திவிடுங்கள் என்று ஓர் இணையதளத்தில் ஒருவர் அறிவுரை சொல்லியிருந்தார். நிறுத்திவிட்டேன். கொள்கை 4-க்கும் அது பொருந்துகிறது. சொந்தமாக நினைவே இல்லாததிடம் போய்ச் சுமையை இறக்குவது முறையல்ல.

நவம்பர் 12, புதன்

என் நினைவிலும் ஒரு பங்கை ஒதுக்கலாம் என்று தோன்றுகிறது. கொடையாளர் பெயர்களை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டேன். இரத்த வகைவாரியாக, அகர வரிசையில். அவள் அடையாளம் சொன்னால் நான் பெயர் சொல்லலாம்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சிரிப்பாளோ என்று பயமாக இருக்கிறது.

நவம்பர் 17, திங்கள்

சொன்னேன். சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கூரையைப் பார்த்தாள். "பஸ்ஸு... விசிலு..."

"கண்டக்டர் மயில்சாமி. ஏ பாசிட்டிவ்."

என் தொடையில் ஓங்கித் தட்டினாள். அடுத்தது "நெட்ட. கல்யாணம். ரெண்டு." இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட நெட்டையான ஆள் தாராபுரம் சாலையில் ஒருவர்தான். சொன்னேன். மறுபடியும் தட்டு. மதியச் சமையலை மறந்து விளையாடினோம். அவள் முதல் சொல்லைச் சொல்லும்போதே பல பெயர்களை நான் பிடித்துவிட்டேன்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. "மீசை. பூனை." திரும்பத் திரும்பச் சொன்னாள். என் பட்டியலில் மீசைக்கும் பூனைக்கும் இடமில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நவம்பர் 19, புதன்

நஸ்ரீன் வந்தார். எங்கள் புதிய முறையைப் பெருமையாகச் செய்து காட்டினேன். முழுவதும் பொறுமையாகப் பார்த்தார்.

"சார், நீங்க ரொம்ப நல்லாப் பேசுறீங்க. ஆனா நான் மேடம் பேசுறதுக்குத்தானே வர்றேன்?"

அவள் வாய் திறக்கும்போதே நான் உள்ளே புகுந்துவிடுகிறேனாம். தேடும் வேலையை அவள் செய்தால்தான் வழி திரும்பவும் உண்டாகுமாம். இனி மனதுக்குள் நிதானமாகப் பத்து எண்ணிவிட்டுத்தான் உதவ வேண்டும்.

ஒதுக்கிக் கொடுத்த பங்கில் கணினி கைவைப்பதில்லை என்று நானே எழுதியிருக்கிறேன். எழுதிய கையோடு கைவைத்துவிட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

காத்திருப்பது கடினம். அவள் உதடு ஒரு சொல்லைத் தேடி அசையும்போது என் தொண்டையில் அந்தச் சொல் வந்து நின்றுகொள்கிறது. அதைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன்.

"ஏனுங்க. தூக்கமா?"

முழு வாக்கியம். அதுவும் கிண்டல். அடுத்து வடிகட்டி என்ற சொல்லும் தானாக வந்தது.

டிசம்பர் 1, திங்கள்

பால் பொங்கியது. அதே அடுப்பு.

டிசம்பர் 5, வெள்ளி

இப்போது நான் நினைவில் வைத்திருப்பவை: கொடையாளர் பெயர்களில் பாதிக்கு மேல், சம்பூரணத்தின் மாத்திரைகளும் நேரங்களும், குடிநீர் வரும் முறை, எரிவாயு உருளை போட்ட தேதி, நஸ்ரீனின் பயிற்சிகள், ரசத்தின் படிகள். இவ்வளவுதான். அதிகமில்லை.

ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தபோது சம்பூரணம் வாசலில் என் காலையே பார்த்தாள். ஒன்று என் செருப்பு. இன்னொன்று யாருடையதோ. இரண்டும் பழுப்பு நிறம். யாருக்கும் நேரக்கூடியதுதான்.

"ஜோடி" என்றாள். தேடினாள். நான் எண்ணினேன். "ஜோடி சேரல." பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு அவள் இப்படிச் சிரிப்பது இதுதான் முதல் முறை.

மாலையில் மாத்திரைப் பெட்டியை என் கையிலிருந்து வாங்கப் பார்த்தாள். "நானு. நானே." எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஒரு வேளை தவறினால் என்ன ஆகும்? மென்மையாகத்தான் வாங்கி வைத்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. காலையில் நல்ல பனி.

மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு விபத்து. பி நெகட்டிவ். வழக்கமான மன்னிப்பைச் சொல்லி வைத்தேன். திரும்பினால் சம்பூரணம் கதவருகே நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

இன்று புதிய சொற்கள் இல்லை. பழையவையும் இல்லை.

டிசம்பர் 19, வெள்ளி

இன்றும் இல்லை. பயிற்சி அட்டைகளை மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டாள். நஸ்ரீன் என்னைத் தனியே அழைத்து என்ன நடந்தது என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரியும்.

டிசம்பர் 28, ஞாயிறு

சுகந்தி கணினியில் அழைத்தாள். திருப்பூர்க்காரர்கள் தயாராம். பட்டியலை அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அனுப்பிவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சம்பூரணம் தொலைபேசியின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு" என்றாள். ஒரு விரலைக் காட்டினாள்.

"என்னங்கம்மா ஒண்ணு?" என்றது கணினிக்குள்ளிருந்து சுகந்தியின் குரல்.

அவள் என்னையே பார்த்தாள். விரலை மட்டும் தாழ்த்தவில்லை. எனக்குப் புரிந்தது. மொழிபெயர்த்துச் சொன்னேன். பொங்கலுக்கு முன்பு ஓர் அழைப்பை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறாள். ஒன்றே ஒன்று. முடியவில்லை என்றால் பட்டியலைக் கொடுத்துவிடலாம்.

சுகந்தி சரி என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், "போன்ல பேசப்போறது நீங்கதானப்பா? முடியுமாங்க?" என்று கேட்டாள். இணைப்பு சரியில்லாததுபோல் இருந்துவிட்டேன்.

ஜனவரி 4, ஞாயிறு

என்ன பேச வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, கண்ணாடி முன் நின்று படித்துப் பார்த்தேன். வணக்கம், நான் நாச்சிமுத்து பேசுகிறேன். இரண்டாம் வரிக்கு மேல் குரல் ஏறவில்லை. சம்பூரணம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அழைப்பு வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்வது பாவமாகாது என நினைக்கிறேன். யாருக்கும் இரத்தம் தேவைப்படாமல் இருப்பது நல்லதுதானே.

ஜனவரி 8, வியாழன்

வந்துவிட்டது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலைப் பலகாரம் முடிந்து, சுகந்தி வீடியோவில் அம்மாவுக்குப் பொங்கல் புடவைகளைக் காட்டிக்கொண்டிருந்தாள். அதே கணினியில் பட்டியல் திறந்திருந்தது. பக்கவாதம் பற்றிய கட்டுரைகள், ரசம் வைக்கும் காணொளி, மாத்திரைகளின் பக்கவிளைவு என்று நான் மூடாமல் விட்ட பக்கங்கள் வேறு. தொலைபேசி அடித்தது.

பிரசவ வார்டு. குழந்தை பிறந்தாகிவிட்டது, தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். இருந்த ஒரு யூனிட்டை ஏற்றிவிட்டார்கள். இன்னொன்று வெளியூரிலிருந்து வர மதியமாகிவிடும். அதற்குள் யாராவது கிடைப்பார்களா என்றார் செவிலியர். பார்க்கிறேன் என்று என் குரல் சொன்னது.

பட்டியலில் ஓ நெகட்டிவ் பகுதியை அழுத்தினேன். அம்புக்குறி நின்றுவிட்டது. நினைவகம் போதவில்லை என்று ஒரு சிறு பெட்டி வந்தது. பட்டியல் மறைந்தது. சுகந்தி புடவையை உயர்த்தியபடி, வாய் பாதி திறந்தபடி உறைந்துபோனாள்.

மனப்பாடம் இருக்கிறதே என்று என் தலைக்குள் போனேன். வெள்ளைத் தாள். அ முதல் வரிசையாக ஏற்றியது ஒன்றும் இல்லை. மாத்திரை நேரம் வந்தது, குடிநீர் நாள் வந்தது. பெயர் வரவில்லை. ஒருவர் பெயர்கூட வரவில்லை. ஒரு பெண் அங்கே படுத்திருக்கிறாள் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

சம்பூரணம் என் முகத்தைப் பார்த்தாள். எத்தனை நேரம் பார்த்தாள் என்று தெரியாது. ஒருவேளை அவளும் எனக்காகப் பத்து எண்ணியிருக்கலாம்.

"மீசை. பூனை" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். தெரியவில்லை.

அவள் எழுந்து தொலைபேசியிடம் போனாள். ரிசீவரை இடது கையில் எடுத்தாள். இன்னும் முழுதாகச் சரியாகாத அந்த வலது ஆள்காட்டி விரலால் எண்களை அழுத்தினாள். பொத்தான்களைப் பார்க்கவே இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்கு வராத பெயருக்கு உரிய எண் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. ஒருமுறைகூடத் தயங்கவில்லை.

மணி போனது. எடுத்தார்கள்.

"நாந்தானுங்க, சம்பூரணம்."

பழைய குரல். பழைய வேகம். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு அழைப்பிலும் அவள் சொன்ன முதல் வரி, உடையாமல் முழுதாக வந்தது. அதற்கு மேல் வரவில்லை. உதடு அசைந்தது, நின்றது. ரிசீவரை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை என்று நினைக்கிறேன். ஏனென்றால் அவளே அதை என் காதில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அக்காங்களா? எத்தன மாசமாச்சுங்க்கா உங்க கொரலக் கேட்டு. ஒடம்பு தேவலாமுங்களா? எங்க வரோணும், சொல்லுங்க."

எழுதிவைத்த தாள் எங்கே என்று தெரியவில்லை. ஓ நெகட்டிவ், பிரசவ வார்டு, உடனே என்று மூன்றைத்தான் சொன்னேன். வணக்கம் சொல்ல மறந்துவிட்டேன். என் பெயரையும் சொல்லவில்லை.

"கடைய எங்கூட்டுக்காரிகிட்ட உட்டுப்போட்டு இப்பவே போறனுங்க" என்றார். வைத்துவிட்டார்.

சம்பூரணம் நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பிசைந்துவிட்டுக்கொண்டாள். நானும் உட்கார்ந்தேன். சுகந்தி இன்னும் புடவையோடு உறைந்தே இருந்தாள்.

அதே நாள், மாலை

அவர் வீட்டுக்கே வந்தார். தளி சாலையில் பால் நிலையம் நடத்துகிறார். காது வரைக்கும் மீசை. சட்டையெல்லாம் பூனை முடி. கடையில் நான்கு பூனை வளர்க்கிறாராம். பெயர் குழந்தைவேல். பட்டியலில் இருக்கிறார். நான் மனப்பாடம் செய்திருந்த பெயர்தான்.

தாய்க்கு இரத்தம் நின்றுவிட்டது. இருவரும் நலம். பெண் குழந்தை.

இன்னொன்று தெரிந்தது. ஜூலையில் எண்ணை மாற்றினாராம். அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அவள் அதை எனக்குச் சொல்லி ஏற்றச் சொல்வதற்குள் ஆகஸ்ட் வந்துவிட்டது. கணினியில் இருப்பது பழைய எண். கணினி நின்றுபோகாமல் ஓடியிருந்தாலும், என் மனப்பாடம் மறக்காமல் இருந்திருந்தாலும், நான் ஓர் உயிரற்ற எண்ணைத்தான் அழைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் சம்பூரணத்துக்குப் பெயர் வரவில்லை. தேடினாள். நாங்கள் இருவரும் காத்திருந்தோம். கடைசியில், "மீசை" என்றாள். அவர் அதை முறுக்கிக் காட்டினார்.

ஜனவரி 9, வெள்ளி

கணினியை அருள்செல்வியிடம் காட்டினேன்.

"பேஜ் ஃபைல ஆருங்க ஆஃப் பண்ணுனது?"

நான்தான் என்றேன். காரணமும் சொன்னேன்.

"தேஞ்சா தேயட்டுங்க சார். வேல செய்யத்தான வாங்குனது? பொத்திப்பொத்தி வெச்சா இப்படித்தான், பாரம் பூராத்தையும் ஒண்ணே சொமந்து மூச்சு முட்டி உழுந்துபோகும்."

கணினியைத்தான் சொன்னார். நான் செருப்பைச் சரிபார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மாத்திரைப் பெட்டியைச் சம்பூரணத்திடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். பிறகு பால் பாத்திரத்தைக் காட்டி, அடுப்பைக் காட்டி, தன்னைக் காட்டினாள். பாலும் இனி அவள் பொறுப்பாம். அடுப்பில் கோளாறு இருக்கிறது, கவனம் என்றேன்.

"அடுப்புல?" என்றாள்.

ஜனவரி 12, திங்கள்

ஏ பாசிட்டிவ் இருவர். அவள் விரல், அவள் முதல் வரி. மீதி நான். நான் நீட்டி முழக்கினால் காலை மிதிக்கிறாள். இருவரும் வந்தார்கள். உள்ளங்கை வியர்த்தது, ஆனால் பேசும்போது அதைக் கவனிக்கவில்லை. வைத்த பிறகுதான் துடைத்தேன்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

சுகந்தி நேற்றே வந்துவிட்டாள். வாசலில் பானை வைத்தோம். பால் பொங்கியது. கோளாறு ஒன்றுமில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் சுகந்தி பெங்களூரில் எங்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் அறையின் படங்களைக் காட்டினாள். காற்றோட்டமான அறை. சம்பூரணம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாருக்குது" என்றாள். நாங்கள் காத்திருந்தோம். சுகந்தி வாயெடுத்தபோது அவள் கையைத் தொட்டு நிறுத்தினேன். எண்ணிக்கை பத்தைத் தாண்டிப் போனது.

"வரல கண்ணு. இங்க... வேல இருக்குது."

சுகந்தி என்னைப் பார்த்தாள். எனக்கு வேண்டிய அளவு தைரியம் இருக்கிறதா என்று பார்த்தாள் போலிருக்கிறது. இல்லை என்பதுதான் உண்மை. ஆனால் தொலைபேசி அந்த நேரம் பார்த்து அடிக்கவில்லை. அதனால் நிரூபிக்கவும் வேண்டியிருக்கவில்லை. "சரிங்கப்பா. திருப்பூருக்கு நானே சொல்லிக்கறேன்" என்று இலை எடுக்கப் போய்விட்டாள்.

நஸ்ரீனுக்குக் கொடுப்பதற்கு முன் முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். 5-ஐ நான் காப்பாற்றவில்லை என்று தெரிகிறது. ஆனால் அது கருத்தல்ல, தீர்மானம்தான். கருத்துப் பிழை வேறிடத்தில் இருக்கிறது.

கணினி சேமிப்பகத்துக்குக் கொடுக்கிறது என்பதைப் படித்தேன். அதே அமர்வில், அடுத்த பக்கத்திலேயே, நிரம்பிப்போன கணினிக்குச் சேமிப்பகமும் இடம் கொடுக்கிறது என்பதையும் படித்தேன். படித்துவிட்டு அந்த வழியை என் கையாலேயே அடைத்தேன். சம்பூரணம் மாத்திரைப் பெட்டிக்குக் கை நீட்டியபோதும் அதைத்தான் செய்தேன்.

முதல் பக்கத்தில், இல்லாதவரிடமிருந்து எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்ற வரியை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த சம்பூரணம், அந்த வரியை மெதுவாகப் படித்தாள். வாசிப்பு அவளுக்கு இன்னும் பாதிதான் வருகிறது. ஆனால் அதில் எவ்வளவு புரிந்ததோ, சிரித்தாள்.

"உடுங்க. இருக்கட்டும்."

ஆகவே அடிக்கவில்லை. நவம்பர் 3 அன்று எழுதிய எண் 4 தவறு.